மூவாயிரத்து நானூறு அடி உயரத்து வௌவால்

சேந்தமங்கலத்துச் சின்னண்ணனுக்கு வௌவாலைத் தெரிந்த அளவுக்கு மனுஷரைத் தெரியாது. இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை அது.

கையில் ஒரு வௌவாலைக் கொடுத்தால் போதும். இறக்கையை விரிப்பான், பின்பக்கம் திருப்பி வால் இருக்கிறதா என்று தடவுவான், இறக்கையின் இரண்டாம் விரல் நுனியில் நகம் இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பான். வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரத்துக்குள் அது என்ன வகை, எங்கே தங்கும், எதைத் தின்னும் என்று சொல்லிவிடுவான். ஆற்றங்கரைப் புளியமரங்களில் கூட்டங்கூட்டமாகத் தொங்கும், நரி மூஞ்சி கொண்ட பெரிய பழந்தின்னி ஒன்று. கோயில் கோபுரத்திலும் பாழுங்கிணற்றிலும் ஒட்டிக்கொண்டு பூச்சி தின்னும் சிறுசு ஒன்று. பனையோலைக்கு அடியில் நாலைந்தாகத் தங்கும், கட்டை வாலும் விரலில் நகமும் உள்ள பனை வௌவால் ஒன்று. கீழ்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் இவைதான் என்பான். அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் தாழும். அதற்குப் பொந்து வௌவால் என்று அவனே பெயர் வைத்திருந்தான். அளவில் பனை வௌவால்தான். ஆனால் அதற்கு வாலே கிடையாது, இரண்டாம் விரலில் நகமும் கிடையாது. கொல்லிமலைச் சோலைக்காட்டில், மூவாயிரம் அடிக்கு மேலே, கிழட்டு மரங்களின் பொந்துக்குள் குடும்பம் குடும்பமாக இருக்கும். கீழே இறங்கவே இறங்காது.

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் பொய். அந்தப் பொய் எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், சின்னண்ணன் சாப்பிட உட்கார்ந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜேடர்பாளையம் பக்கத்தில் காவிரிப் பாசனத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம் அவனுடையது. இருபது வயதில் ஊரில் பிழைப்புச் சரிப்படாமல் சேலத்துக்குப் போய், மொய்தீன் ராவுத்தரின் தோல் மண்டியில் தோலுக்கு உப்புத் தடவும் வேலையில் சேர்ந்தான். செய்தி ஊருக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வருஷம் பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்குப் போனவன், எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. பெரியப்பா மகன் வெள்ளியங்கிரி வந்து அவன் தோளைத் தொடாமல் குனிந்து சொன்னார்.

"சின்னண்ணா, நீ சித்த எந்திரி. உனக்கு அக்கட்டால எலை போட்டிருக்குது."

அக்கட்டால என்றால் மாட்டுக் கட்டுத்தறி ஓரம். சின்னண்ணன் எழுந்து போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டான். வேறொருவன் என்றால் இலையை எட்டி உதைத்துவிட்டு, இனி இந்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை என்று போயிருப்பான். இவன் அடுத்த வருஷமும் போனான். அதற்கடுத்த வருஷமும் போனான். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இந்தத் தடவையாவது கூப்பிடுவார்கள் என்று பந்தி ஓரமாகவே நின்று பார்த்துவிட்டு, கட்டுத்தறி ஓரத்தில் போய் உட்காருவான். பதினைந்து பங்குனி இப்படியே போயிற்று. மானங்கெட்டவன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பந்தியைத் தவிர வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் துரை வந்தார். சீமையில் ஏதோ ஒரு காட்சிசாலைக்காக, இந்தப் பக்கத்து மலைகளில் உள்ள பிராணிகளைச் சுட்டுத் தோலெடுத்துச் சேர்க்கிறவர். கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மண்டியில் கேட்டபோது ராவுத்தர் சின்னண்ணனைக் காட்டினார். ஆறு மாதத்தில் அவன் துரையே வியக்கும்படி ஆகிவிட்டான். வயிற்றில் சின்னதாக ஒரு கீறல். ஒரு சொட்டு ரத்தம் படாமல் சட்டையைக் கழற்றுவது மாதிரி தோலைத் திருப்பி எடுத்துவிடுவான். உள்ளே பாஷாணச் சோப்புத் தடவி, பஞ்சு அடைத்து, தைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டுவான். சீட்டில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: எந்த இடம், எத்தனை அடி உயரம், என்ன தேதி, ஆணா பெண்ணா. சீட்டு இல்லாத தோல் வெறும் குப்பை என்பார் துரை. தப்பான சீட்டு குப்பையைவிட மோசம் என்பார். சின்னண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் சீட்டுக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பார்த்துப் பார்த்துக் கோலம் போடுவது போல வரைந்துவிடுவான். அதில் கொல்லிமலையும் ஒன்று.

வாலில்லாத வௌவாலை முதலில் பிடித்தவனும் அவன்தான். சோலைக்குள் ஒரு பட்ட மரத்தின் பொந்தில் தோள்வரை கையை விட்டு எடுத்து வந்தான். துரை அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது யாரும் எழுதி வைக்காத வகையாக இருக்கலாம் என்றார். ஆனால் அவசரக்காரர் இல்லை. இது மலையில் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன்னால் கீழேயும் தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம். துரை மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டார். "பத்து நாள். அடிவாரத்தில் பொந்து உள்ள மரம் ஒன்று விடாமல் பார்," என்று சின்னண்ணனை அனுப்பினார்.

அதே பத்து நாளில்தான் நோம்பி வந்தது.

துரை கொடுத்த பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். காக்கிக் கோட்டைப் பார்த்த பிறகாவது வெள்ளியங்கிரி பந்தியில் உட்காரச் சொல்வார் என்று நினைத்தான். சொல்லவில்லை. கோட்டோடேயே கட்டுத்தறி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பத்தாம் நாள் திரும்பி வந்து துரையின் கட்டில் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"பாத்தாச்சுங்க தொரை. ஒண்ணுங்கூட இல்லீங்க."

துரை எழுதிக்கொண்டார். காய்ச்சல் தெளிந்ததும் சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து சீமையிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் தபாலில் வந்தது. தபால் ஆபீஸ்காரர் படித்து அர்த்தம் சொன்னார். 'இவ்வகை மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளில் மட்டும் வாழ்கிறது. சமவெளியில் இல்லை. என் தோலுரிப்பாளர் சின்னண்ணன் பத்து நாட்கள் தேடி இதை உறுதி செய்தார்.' தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லி, அதை மூன்று தடவை தடவிப் பார்த்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தான். அவன் மனைவி சௌந்திரம் தினமும் அதற்கும் சேர்த்துப் பூ வைத்தாள்.

இனி கந்தவேல் கதைக்கு வருவோம். மலையடிவாரத்தில் இலுப்பப்பள்ளம் என்று இருபது வீடு உள்ள ஒரு குடியிருப்பு. கந்தவேலுக்கு அங்கே இரண்டு ஏக்கர் ராகிக் காடு, ஒரு ஜோடி மாடு, மனைவி செல்லாயி, ஆறு வயதில் பூவாத்தா என்று ஒரு மகள். பூவாத்தாளுக்கு இழுப்பு. பனி விழுந்தால் போதும், குழந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க மூச்சுக்குத் தவிக்கும். இழுப்புக்கு வௌவால் கறி ரசம் வைத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பனை வௌவால் ரசம் பத்துத் தடவை கொடுத்தும் கேட்கவில்லை. மரப்பொந்து வௌவால்தான் மருந்து என்று யாரோ சொன்னார்கள். கந்தவேலின் காட்டு ஓரத்தில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. பங்குனியில் அது பூக்கும்போது அதன் பொந்தில் நாலைந்து வௌவால் வந்து தங்கும். பூ ஓய்ந்ததும் போய்விடும். அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். அதில் ஒன்றைப் பிடித்துக் கொன்று பையில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தழை வெட்டிய அரிவாளோடு சாயங்காலம் வீட்டுக்கு நடந்தான்.

முப்பத்தெட்டாம் வருஷம் அது. அன்று காலையில்தான் மலைமேல் ரிசர்வ் காட்டில் சந்தன மரம் வெட்டிய கும்பலைத் துரத்திப் போன கார்டு ஒருவருக்கு வலது கையில் நாலு விரல் துண்டாகிப் போயிருந்தது. வெட்டியவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். ரேஞ்சர் ஆட்களோடு வெறி பிடித்தவர் போல இறங்கி வந்தபோது, எதிரே அரிவாளும் பையுமாக இவன் வந்தான். பையைக் கவிழ்த்தார்கள். வௌவால் விழுந்தது. ரேஞ்சர் துரையின் புத்தகத்தைப் படித்தவர்.

அந்த வௌவால் சாராயப் புட்டிக்குள் மிதந்துகொண்டு சின்னண்ணன் வீட்டுக்கு வந்தது. வால் இல்லை. நகம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். ரேஞ்சருக்கு அது போதும். இந்த வௌவால் மலைமேல் ரிசர்வ் காட்டில் மட்டும்தான் உண்டு. அன்று செத்த வௌவால் இவன் பையில் இருக்கிறது. ஆகவே அன்று இவன் மலைமேல் இருந்தான்.

சித்திரையில் கச்சேரியில் விசாரணை. சின்னண்ணன் காக்கிக் கோட்டில் போனான். கூண்டில் ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தான்; டவாலி சேவகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்காரப் போகும்போதுதான் கூட்டத்தில் வெள்ளியங்கிரியைப் பார்த்தான். ஏதோ வரப்புத் தகராறுக்கு வந்திருந்தார். நாற்காலியையும் பார்த்தார், அதில் உட்காருகிறவனையும் பார்த்தார். சின்னண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ஒரு பார்வைக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தவன் அவன்.

"இந்த வௌவால் சமவெளியில் கிடைக்குமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கெடைக்காதுங்க."

"எப்படி உறுதியாகச் சொல்கிறீர்?"

"அடிவாரத்துல பொந்து உள்ள மரம் ஒண்ணு உடாம நானே பத்து நாள் தேடியிருக்கறனுங்க. பொஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க."

சத்தியம் செய்துவிட்டுச் சொன்னான். நாக்கு கூசவில்லை. ஒரு வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிற ஒன்று அவனுக்கே நடந்தது மாதிரி ஆகியிருந்தது.

கூண்டிலிருந்து கந்தவேல் கத்தினான். மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கத்தவில்லை, இவனைப் பார்த்து. "ஏனுங் சாமி, எங்காட்டு எலுப்ப மரத்துலதானுங்க புடிச்சேன்! நாலு மைலுதானுங்க. ஒரு எட்டு வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க சாமி!"

மாஜிஸ்திரேட் நல்ல மனுஷர்தான். சின்னண்ணன் பக்கம் திரும்பி, "போய்ப் பார்த்துவிட்டு வருகிறீரா? இரண்டு நாள் தள்ளி வைக்கலாம்," என்றார்.

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் கொஞ்ச நேரம் இருந்தது. தேடவே இல்லை என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. கட்டுத்தறி ஓரத்துச் சாணி நாற்றம்கூட ஞாபகம் வந்தது. போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால் நிச்சயமாகத் தெரியாது என்று ஆகிவிடும். வெள்ளியங்கிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டியதில்லீங்க," என்றான்.

இரண்டு வருஷம் கடுங்காவல். செல்லாயி பூவாத்தாளை இடுப்பில் வைத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நின்றிருந்தாள். புருஷனைக் கூட்டிப் போகிறபோது குழந்தை கையை ஆட்டியது. சின்னண்ணன் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் வெள்ளியங்கிரி அவன் தோளில் கை போட்டிருந்தார். தொட்டே விட்டார்.

"அடேயப்பா சின்னண்ணா! கச்சேரில சேர் போட்டுல்ல உக்கார வெக்கறாங்க! வார பங்குனி நோம்பிக்கு நேரமே வந்துரு. பந்தியில எம்பக்கத்துல உக்காந்துக்குவே."

ஐப்பசி அடைமழையில் பூவாத்தா செத்துப்போனாள். மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அப்பன் மருந்து கொண்டுவருவான் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம். கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஜெயிலுக்குச் சொல்லியனுப்ப வழி தெரியாமல் செல்லாயி தானே குழி வெட்டினாள்.

அடுத்த பங்குனியில், நோம்பிக்கு நாலு நாள் இருக்கும்போது, செல்லாயி சேந்தமங்கலத்துக்கு நடந்து வந்தாள். சௌந்திரம் புது வேட்டியை மஞ்சள் தடவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, வவ்வா பாக்கற ஐயன் ஊடு இதுதானுங்களா?"

சின்னண்ணன் வெளியே வந்தான். அடையாளம் தெரிந்தது. அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் வைத்தான். அவள் கும்பிட்டாள்.

"எலுப்ப பூத்துருச்சுங்க சாமி. மறுக்காவும் வவ்வா வந்துருக்குதுங்க. நான் பொந்துல கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன். நீங்க சூதுவாது தெரியாம, இல்லீன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. வந்து ஒருக்காப் பாத்தீங்கன்னா நீங்களே கச்சேரில சொல்லுவீங்க. அந்த மனுசன் இன்னும் ஒரு வருசம் கெடக்கோணுமுங்க. புள்ள போயிருச்சு. அவரு இன்னும் புள்ள இருக்குதுன்னு நெனச்சிட்டுக் கெடக்கறாருங்க."

சௌந்திரம் அவளுக்கு மோர் கொடுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "போய்ப் பாத்துட்டு வந்துருங்க. பாவமாட்ட இருக்குது," என்றாள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் சின்னண்ணன் கத்திப் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். நாலு மைலும் அவன் வேண்டிக்கொண்டே போனான்: பனை வௌவாலாக இருக்க வேண்டும், வால் இருக்க வேண்டும்.

உச்சி வெயில். மரத்தடி முழுக்க இலுப்பைப் பூ உதிர்ந்து, மிதிக்கிற இடமெல்லாம் இனிப்பாக நாறியது. ஏணி வைத்து ஏறினான். ஆள் உயரத்துக்கு மேலே பொந்து. கையை விட்டான். கதகதப்பாக ஒன்று விரலைக் கவ்வியது. வெளியே எடுத்துத் திருப்பினான்.

வால் இல்லை. இறக்கையை விரித்தான். இரண்டாம் விரலில் நகம் இல்லை.

ஏணியிலேயே நின்றான். மலை கண்ணெதிரில் நின்றது. அங்கிருந்து பூவாசம் பிடித்து இறங்கி வந்து, பூ ஓய்ந்ததும் ஏறிப் போய்விடுகிற பிராணி இது. இவ்வளவுதான் விஷயம். பத்து நாளில் ஒரு நாள் வந்திருந்தால் தெரிந்திருக்கும். துரையிடம் சொல்லியிருந்தால் துரை சந்தோஷம்கூடப் பட்டிருப்பார். கீழே ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான்.

அவனுக்கு அழுகை வந்தது. அது உண்மை. அந்த அழுகைக்கு நடுவிலேயே நோம்பிக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டான். அதுவும் உண்மை. தேடாமலே சத்தியம் செய்தவன் என்று தெரிந்தால் கட்டுத்தறி ஓரத்தில்கூட இலை விழாது.

"அதேதானுங்களா சாமி?" என்றாள் கீழே இருந்து.

"அதேதான் அம்மணி," என்றான். குரல் சாதாரணமாகவே வந்தது. "ஒண்ணக் கொண்டுபோனா நம்ப மாட்டாங்க. மலையில புடிச்சதும்பாங்க. இருக்கறது அத்தனையும் வேணும். பொகை போடோணும்."

அவள் ஓடினாள். அதே மரத்துக் கொட்டை ஆட்டிய இலுப்பைப் பிண்ணாக்கு வீட்டில் இருந்தது. அதை வைக்கோலோடு சேர்த்துப் பற்ற வைத்து, கண்ணெரிய முறத்தால் விசிறிப் பொந்துக்குள் புகையை ஏற்றினாள். சின்னண்ணன் பொந்து வாயில் சாக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்று வௌவால் வந்து விழுந்தன. முதலில் எடுத்ததோடு நாலு. நாலாவது பெண், வயிற்றில் குட்டி கவ்விக்கொண்டிருந்தது.

"குட்டியோட இருக்குதுங்களே. அத மட்டும் உட்டுடலாமுங்களா?"

"அதுவுந்தான் வேணும்."

வௌவாலைக் கொல்ல ஒரு முறை உண்டு. தோல் கெடாமல் இருக்க, நெஞ்சுக்கூட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மூச்சு நிற்கிறவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வாயைத் திறந்து திறந்து மூடியது. செல்லாயி பார்த்துக்கொண்டே நின்றாள். பூவாத்தாளும் இப்படித்தான் தவித்தாள் என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னண்ணன் கையை எடுக்கவில்லை. குட்டியை அமுக்க வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே செத்தது.

"பொந்த அடச்சிரு," என்றான். "வேற எவனாச்சும் கை வெச்சு அத்தாட்சியக் கெடுத்துருவான்." அவள் களிமண் குழைத்துக் கல் வைத்துப் பொந்தைப் பூசினாள். விரலால் வழித்து வழித்து, சுவர் பூசுகிற அக்கறையோடு பூசினாள். இந்த உலகத்தில் தன் புருஷன் பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே புகை போட்டுப் பிடித்துக் கொடுத்து, வாசலையும் அடைத்துவிட்டு, அவன் போகிறபோது காலில் விழுந்து கும்பிட்டாள்.

அன்று சாயங்காலமே நாலையும் உரித்தான். நல்ல வேலை, ஒரு கீறல் இல்லை. சீட்டு எழுத உட்கார்ந்தான். இலுப்பப்பள்ளம் என்பதை இங்கிலீஷில் எப்படி வரைவது என்று தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டான். தபால் ஆபீஸ்காரர் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அவனுக்கு வரைய வந்த இடத்தின் பெயரை வரைந்தான்: கொல்லிமலை. உயரம், மூவாயிரத்து நானூறு அடி. நாலு சீட்டும் ஒரே மாதிரி. நாலு காலிலும் கட்டினான்.

நோம்பியில் அவன் வெள்ளியங்கிரிக்கு வலது பக்கம் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர்கள் அவனுக்கு முதலில் பாயசம் ஊற்றினார்கள். விரலில் பாஷாணச் சோப்பு வாசம் போகவே இல்லை. இரண்டு தடவை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். "என்ன சின்னண்ணா, பழக்கம் உட்டுப்போச்சா, பந்தியில உக்காரத் தெரியலையா?" என்று வெள்ளியங்கிரி கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

செல்லாயி மாதம் ஒரு தடவை வந்து கேட்டுப் போனாள். மேலே எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றான். அப்புறம் சண்டை வந்துவிட்டது. ஜெர்மன்காரன் கப்பலையெல்லாம் கவிழ்க்கிறான், எந்தக் கடுதாசியும் போகாது என்றான். அவளுக்கு ஜெர்மன்காரன் யாரென்று தெரியாது. சரிங்க சாமி என்று போனாள். கப்பல் இல்லாததால் தோல் பெட்டியும் சீமைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தது.

நாற்பதாம் வருஷம் சித்திரையில் கந்தவேல் விடுதலையாகி வந்தான். ஊருக்கு வந்த பிறகுதான் மகள் செத்தது தெரிந்தது. ஒரு வாரம் கழித்துப் புருஷனும் மனைவியும் சேந்தமங்கலத்துக்கு வந்தார்கள். முடி கொட்டி, பல் போய், முப்பத்திரண்டு வயதுக்காரன் கிழவன் மாதிரி இருந்தான். சின்னண்ணன் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று நினைத்தான். கந்தவேல் கையைக் கூப்பினான்.

"செல்லாயி எல்லாஞ் சொன்னாளுங்க. எங்களுக்காவ வெயில்ல நடந்து வந்து, மேலெல்லாம் எழுதிப் போட்டீங்களாமா. அவங்க கேக்காமப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க சாமி. எங்க சனத்துல ஒருத்தருங்கூட அவ்வளவு பண்ணுலீங்க."

செல்லாயி ஒரு தூக்குப்போசியை நீட்டினாள். இலுப்பை எண்ணெய். அந்த மரத்துக் கொட்டை.

சின்னண்ணன் வாங்கிக்கொண்டான். போவார்கள் என்று பார்த்தான், போகவில்லை. அந்த வௌவாலை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கந்தவேல் தயங்கிக் கேட்டான். சௌந்திரம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நாலும் பஞ்சு மேல் வரிசையாகக் கிடந்தன. கந்தவேல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, தொடலாமா என்று கேட்டு, ஒரு விரலால் பெண் வௌவாலின் முதுகைத் தொட்டான். பிறகு அதன் காலில் கட்டியிருந்த சீட்டை மெதுவாகப் புரட்டினான்.

"இதுல என்னமோ எழுதியிருக்குதுங்களே. என்னங்க சாமி அது?"

சின்னண்ணன் சீட்டைப் பார்த்தான். அவன் கையெழுத்துத்தான். சௌந்திரமும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் படிக்கத் தெரியாது.

"எலுப்பப்பள்ளம், கந்தவேல் காடு, எலுப்ப மரத்துப் பொந்துன்னு எழுதியிருக்குது," என்றான்.

கந்தவேல் அடுத்த சீட்டைத் தொட்டு, "இதுலயுமுங்களா?" என்று கேட்டான்.

"நாலுலயும்."

"அது போதுமுங்க சாமி." அவன் அழுதான், அழுதுகொண்டே மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா செல்லாயி? நான் பொய் சொல்லுலீன்னு சீமை வரைக்கும் எழுதி வெச்சிருக்கறாரு. நம்ம பூவாத்தா இருந்தா இதப் பாத்திருக்கும்."

இரண்டு பேரும் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை சின்னண்ணன் வாசலிலேயே நின்றான். பிறகு பெட்டியை மூடி உள்ளே வைத்தான். பொழுது சாய்ந்ததும் சௌந்திரம் அந்த எண்ணெயை ஊற்றிச் சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். நல்ல எண்ணெய், புகையாமல் எரிந்தது.